மறையூர்ச் சரிவில் என் கலவை டிரம்

கலவை இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றித் தோள் நோவானேன் என்று, மூடி போட்ட டிரம்முக்கு இருபுறமும் அச்சு வைத்துக் கயிறு கட்டினேன். ஜல்லி, மணல், சிமென்ட், தண்ணீர் போட்டு மூடித் தரையில் உருட்டி இழுத்தால் கான்கிரீட் தயார். சித்தூரில் எங்கள் நெற்களத்தில் அருமையாக உருண்டது. அந்தப் பெருமையோடு மறையூரில் தங்கை மல்லிகா வீடு கட்டும் இடத்துக்குக் கொண்டுபோனேன்.

அங்கே வாசலே சரிவு என்பது என் மூளைக்கு எட்டவில்லை. இரண்டடிதான் இழுத்தேன். டிரம் என்னை முந்திக்கொண்டு ஓடியது. கீழே மல்லிகா குனிந்து குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நில்லு! நில்லு!" என்று அலறினேன். அவளிடம் இல்லை, டிரம்மிடம். கூடப் பிறந்தவளின் பெயர் எனக்கு வாயில் வரவே இல்லை.

அவளுக்கு ஒரு முழம் முன்னால், பக்கத்து வெல்லக் கொட்டகையின் கரும்புச் சக்கைக் குவியலில் டிரம் முட்டி நின்றது.

மல்லிகா நிமிர்ந்தாள். "ஏனுங்கண்ணா, இதென்ன நம்மூருக் களமுங்களா? சரி, மூடியத் தொறங்க, கலந்திருக்குதான்னு பாக்கலாம்."

கலவை பிரமாதம்.

இப்போது டிரம்முக்குத் தடைக்கட்டை வைத்துவிட்டேன். ஆனாலும், கயிற்றைத் தொடும் முன் "மல்லிகா" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.