கல்யாணப் பத்திரிகையில் செய்த வீடு

சோற்றுப் பருக்கையை விரலால் நசுக்கி ஒட்டிய காகிதம் காயக் காய ஒரு புளித்த வாடை அடிக்கும். வெயில் ஏறிய வகுப்பறையில் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒட்டினால் அந்த வாடை சட்டையிலும் தலைமயிரிலும் ஏறி, வீடுவரைக்கும் கூடவே வரும். குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் நான் இரண்டாம் வகுப்பு படித்த அந்தப் பங்குனி மாதத்தை நினைத்தால், முதலில் வருவது அதுதான். நெருப்பின் வாடை பிறகுதான் வருகிறது, அதுவும் யாரோ சொல்லக் கேட்டதுபோல் தூரத்திலிருந்து.

எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. அப்பா கரும்பு வெட்டப் போவார், அம்மா களை எடுக்கப் போவாள், இருவரும் கைநாட்டு. நான் இரண்டாம் வகுப்போடு நின்றுவிட வேண்டும் என்று அந்த வருடம் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. காரணம் எங்கள் ஆடு. அது சினையாக இருந்தது. குட்டி போட்டால் மேய்க்க ஆள் வேண்டும். அடுத்த வீட்டிலிருந்த பெரியப்பா, அப்பாவின் அண்ணன், என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "இன்னா புள்ள, ஆடும் ரெண்டாங்கிளாஸ் முடிக்கப் போவுதா, தானா போயி மேஞ்சிட்டு வர்றதுக்கு?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். முழுப் பரீட்சை முடிந்ததும் பையை ஆணியில் மாட்டிவிட வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

அந்த மாதம்தான் டீச்சர் எங்களுக்குத் தீ விபத்துப் பாடம் நடத்தினார். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பஸ்ஸில் வருகிற அவருக்கு எங்கள்மேல் தனிப் பாசம் இருந்ததாகத் தெரியவில்லை. வெயில் காலத்தில் நடத்தச் சொல்லி மேலே இருந்து சொல்லியிருந்தார்கள், நடத்தினார். வீட்டிலிருந்து பழைய கல்யாணப் பத்திரிகை கொண்டுவரச் சொன்னார். மூலையில் மஞ்சள் தடவிய அந்தத் தடித்த அட்டையை மடித்தால் சுவர். இன்னொன்றின் ஓரத்தைக் கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்கினால் "சோகை". காய்ந்த கரும்புத் தோகையை அப்படித்தான் சொல்வோம். எங்கள் தெருக் கூரைகள் எல்லாம் அதில் வேய்ந்தவை. மிட்டாய் சுற்றிய சிவப்புத் தாளைக் கசக்கிக் கூரைமேல் ஒட்டினால் நெருப்பு. மிச்ச அட்டையில் வீட்டு மனிதர்களை வெட்டி, உள்ளே நிறுத்தி, ஒவ்வொருவராகக் கதவுவழியே விரலால் வெளியே தள்ள வேண்டும். "பானைக்குப் பின்னால ஒளியக் கூடாது, குனிஞ்சிக்கிட்டே வெளிய வரணும், வெளிய இருக்கிறவங்க உள்ள போகக் கூடாது" என்று, வருகைப் பதிவு வாசிக்கிற அதே குரலில் சொன்னார். கடைசியில் எல்லோரையும் வாசலில் ஒட்டிவிடச் சொன்னார். அப்பா, அம்மா, தம்பி, நான் என்று ஒட்டினேன். ஆட்டுக்கு அட்டை மிஞ்சவில்லை.

அம்மா அதை வீட்டுக்குள் விடவில்லை. "விளக்கயே அணைக்கிறேன்னு சொல்ல மாட்டோம், மலையேத்துறேன்னுதான் சொல்லுவோம். நீ எரியிற வூட்டச் செஞ்சி எடுத்தாறியா? உங்க டீச்சருக்கு வூடு வாசல் இல்ல?" என்று கத்தினாள். ஆனால் மஞ்சள் பட்ட பத்திரிகையைக் குப்பையில் போடவும் அவளுக்கு மனம் வரவில்லை. தெருவைத் தாண்டி நின்ற முருங்கை மரத்தின் கிளை இடுக்கில் வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெருக்கோடியில் யாரோ அப்படியே விட்டுப்போன அடுப்பிலிருந்து காற்றில் பொறி பறந்தது. அப்பா வேலைக்குப் போயிருந்தார், அம்மா தண்ணீருக்கு. வீட்டில் நானும் மூன்று வயதுத் தம்பியும். நாய்க்குப் பயந்து உள்ளே கம்பத்தில் கட்டியிருந்த ஆடும். கூரையில் சடசடவென்று சத்தம் கேட்டதும் தம்பி நேராக நெல்லுப் பானைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். டீச்சர் சொன்னது அப்படியே நடந்ததில் எனக்கு ஆச்சரியம்தான் வந்தது, பயம் வரவில்லை. அவன் காலைப் பிடித்து இழுத்து, குனிந்தபடியே, அட்டைப் பொம்மையைத் தள்ளுவதுபோல் வெளியே தள்ளிவிட்டு நானும் வந்தேன். குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்த அம்மா எங்கள் இருவரையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஐயோ ஆடுடி!" என்று கதவை நோக்கி ஓடினாள். அது கத்திக்கொண்டிருந்தது. நான் அவள் கால்களைக் கட்டிக்கொண்டேன். "வுடுடி, கயித்த அவுத்து வுட்டுட்டு வந்துடுறேன்" என்று என் முதுகில் அறைந்தாள். நான் விடவில்லை. "வெளிய இருக்கிறவங்க உள்ள போவக் கூடாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னேனாம். அங்கே நின்றவர்கள் பிறகு சொன்னதுதான், எனக்கு நினைவில்லை. கூரை உள்ளே சரிந்தது. அதன் பிறகு கத்தல் இல்லை.

நான் அழவில்லை. நினைவில் அந்த இடத்தை இப்போது தொட்டாலும் மரத்துப்போன விரலைத் தொடுவதுபோல்தான் இருக்கிறது. கிள்ளிப் பார்க்கிறேன், தெரிவதில்லை.

தீ பரவாமலிருக்க ஆண்கள் பெரியப்பா வீட்டுக் கூரையைப் பிய்த்து எறிந்திருந்தார்கள். சாயங்காலம் அவர் மொட்டைச் சுவர் ஓரமாக வந்து நின்றார். தெருவில் எங்களுடையதென்று முழுதாக மிஞ்சியிருந்தது முருங்கையில் இருந்த அந்த வீடு ஒன்றுதான். "தோ பாருங்க, வூட்ட எரிச்சது மரத்துல குந்திக்கினு இருக்கு" என்றார். "எரியிற வூட்டச் செஞ்சா எரியாம இன்னா பண்ணும்? இதான் இவ படிச்ச படிப்பு." கூட்டத்தில் சிலர் ஆமாம் என்றார்கள். அம்மா போய் அதை எடுத்தாள். கிழிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். வாசலில் ஒட்டியிருந்த நான்கு பேரையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதுல ஆடு இல்லியே?" என்றாள்.

"அட்ட பத்தல" என்றேன்.

அவள் அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். பிறகு பெரியப்பாவைப் பார்த்து, கோபமும் இல்லாமல் அழுகையும் இல்லாமல் சொன்னாள்: "மேய்க்கத்தான் ஆடு இல்லியே மாமா. அவ பள்ளிக்கூடம் போவட்டும்."

மறுநாள், யாரோ கொடுத்த பாவாடையைக் கட்டிக்கொண்டு போனேன். டீச்சர் வருகைப் பதிவு வாசித்தார். "உள்ளேன் டீச்சர்" என்றேன். அதன்பின் என்னை நிறுத்துகிற பேச்சு நின்றுபோனது, நான் நிற்கவில்லை.

இப்போது சிதம்பரத்தில் ஒரு மழலையர் பள்ளியில் வேலை செய்கிறேன். பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் எங்கள் வம்சத்திலேயே எனக்குத்தான் முதலில். ஊரில் "சோகை" வேய்ந்த கூரை ஒன்றுகூட இல்லை; ஆடு மேய்ந்த புறம்போக்கில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை பாதி போனிலேயே வந்துவிடுகிறது. பிள்ளைகள் ஒட்டுவதற்குக் குழாயில் அடைத்த பசை இருக்கிறது, அதற்கு வாடையே இல்லை. அம்மா அப்புறம் ஆடு வாங்கவில்லை. அதைப் பற்றி என்னிடம் பேசியதும் இல்லை. நான் மட்டும் ஒவ்வொரு பங்குனியிலும் பிள்ளைகளை அந்த வீட்டைச் செய்யவைக்கிறேன்.

இந்த முறை ஒரு சிறுமி தன் வீட்டு நாயையும் வெட்டி வாசலில் ஒட்டினாள். ஸ்கெட்ச் பேனாவால் அதன் கழுத்திலிருந்து கதவுவரைக்கும் ஒரு கோடு இழுத்தாள். இது என்ன என்று கேட்டேன்.

"கயிறு மிஸ். கட்டலன்னா ஓடிடும்."

"ஓடட்டும்" என்று சொல்லி, நாய்க்கு வேறு அட்டை கொடுத்தேன்.