மூன்று மாதக் களிம்பு

தலைவலி மாத்திரை வாங்க வருகிறவர் தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்பார். முகத்துக்குக் களிம்பு வாங்க வருகிறவர் மற்றவர்கள் போகட்டும் என்று ஓரமாக நிற்பார். மருந்துக் கடையில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஓரமாக நின்றவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பருவோடு பள்ளிக்கூடம் போய், பருவோடு வேலைக்குச் சேர்ந்து, குரூப் போட்டோவில் பின்வரிசை பார்த்து நின்றவர்களே, இது உங்களுக்குத்தான். நானும் அந்தப் பின்வரிசைதான்.

தொண்ணூறுகளில் ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு மருந்துக் கடையில் ஆறு வருடம் பார்மசிஸ்டாக இருந்தேன். வீடு திருநின்றவூரில்; தினமும் லோக்கல் ரயில். கடைக்கு மேலே மாடியில் வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் ஒரு தோல் டாக்டரம்மா உட்காருவார். அவர் சீட்டில் அசெலாயிக் ஆசிட் என்று ஒரு புதுக் களிம்பு வர ஆரம்பித்தது. பரு அடங்கும், பரு விட்டுப்போன கறுப்பு மங்கும், முகச் சிவப்பு தணியும், கர்ப்பமாக இருக்கிறவர்களுக்கும் கொடுக்கலாம் என்று எனக்கு விளக்கிச் சொன்னார். ஆனால் மூன்று மாதம் விடாமல் போட வேண்டும். முதல் சில வாரம் அரிக்கும், எரியும். அதைச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. முதல் பெட்டியைப் பிரித்து டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்த எங்கள் ஓனர் கேட்டார்: "இன்னாம்மா இது, பேட்டரிக்கு ஊத்தறதா?"

விற்றவளின் முகம்

டாக்டரம்மா எனக்கும் அதையே எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டு கன்னத்திலும் பரு, பருவுக்குக் கீழே பழைய பருவின் கறுப்பு, தாடையில் நான் கிள்ளிக் கிள்ளிக் கெடுத்த இடம். ஆரம்பித்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. முகம் முன்பைவிட மோசமாகத் தோல் உரிந்துகொண்டிருந்த சமயம்.

பட்டாபிராமைச் சேர்ந்த ஓர் அம்மாள் மாடியிலிருந்து இறங்கி வந்து சீட்டை நீட்டினார். நான் மனப்பாடமாக ஒப்பித்தேன். காலையும் ராத்திரியும் முகம் கழுவித் துடைத்துவிட்டு, கொஞ்சமாக எடுத்து மெல்லிசாகத் தடவ வேண்டும், அவசரப்படக் கூடாது, நிச்சயம் குணம் தெரியும். அந்த அம்மாள் என் வாயைப் பார்க்கவில்லை, தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசி முடித்ததும் என் கையிலிருந்த சீட்டைப் பூப்போல வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கோபமே இல்லாமல், தங்கைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "மொதல்ல நீ போட்டு நல்லா ஆவு கண்ணு, அப்பால நான் வந்து வாங்கிக்கிறேன்."

ஆசிட்

தொழிற்சாலை யூனிஃபார்மோடு ஒருவர் சைக்கிளைப் போட்டுவிட்டு நேராகக் கவுன்டருக்கு வந்தார். பின்னால் பிளஸ் டூ படிக்கிற அவர் மகள், தாவணி முனையால் ஒரு கன்னத்தை மூடிக்கொண்டு. அவர் டியூபை மேஜைமேல் அடித்தார். அதில் இங்கிலீஷில் இருந்த ஒரு சொல்லை மட்டும் படித்திருக்கிறார். "பொண்ணு மூஞ்சில ஆசிட்ட பூசச் சொல்லி எழுதறதுக்கு ஒரு டாக்டரு, அத்த விக்கறதுக்கு ஒரு கடையா?" என்று கத்தினார். காய்கறி வாங்க வந்தவர்களெல்லாம் நின்றுவிட்டார்கள்.

எலுமிச்சம்பழத்தில் இருப்பதும் ஆசிட்தான், இந்த ஆசிட் கோதுமையிலும் பார்லியிலும் கொஞ்சம் இருக்கிறது, இது சுடுகிற ஆசிட் இல்லை என்று சொன்னேன். நானே போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று கன்னத்தைக் காட்டினேன். அவர் குரல் மெல்ல இறங்கியது. அதற்குள் தாவணி முனை நழுவியதில் பார்த்துவிட்டேன். அந்தக் கன்னத்தில் நாலு விரல் பதிந்திருந்தது. ஒரு பரு உடைந்து ரத்தம். பஞ்சை எடுத்து நான் நீட்ட, அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தெரியாதவர்கள் செய்வதைச் செய்தார். மறுபடியும் என்னிடம் சத்தம் போட்டார். அந்தப் பெண் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "கத்தாதப்பா. எல்லாரும் என் மூஞ்சியவே பாக்கறாங்கோ."

தேவகி

தேவகி அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் சட்டைக்குக் காலர் தைக்கிறவள். இந்து காலேஜ் ஸ்டேஷன் பக்கம் வீடு. ரயிலில் பார்த்துப் பழக்கம், என்னை அக்கா என்பாள். கன்னமெல்லாம் பரு; டாக்டரம்மா அவளுக்கும் அந்தக் களிம்பை எழுதியபோது நிச்சயதார்த்தத்துக்கு நாலு மாதம் இருந்தது. கணக்குப் பார்த்தால் களிம்புக்குச் சரியான அவகாசம்.

இரண்டாவது வாரம் வந்தாள். ரயில் வந்து நின்ற நேரம், கவுன்டரில் ஏழெட்டுக் கை நீண்டிருந்தது. "எரியுதுக்கா, அரிக்குது" என்றாள். ஒருவேளை மட்டும் போடு, இல்லாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடு, தோல் பழகிவிடும், முடியவில்லை என்றால் மாடிக்குப் போய்க் காட்டு என்று சொல்லியிருக்க வேண்டும். நான் இருமல் மருந்துக்குச் சில்லறை எண்ணிக்கொண்டே "எரிஞ்சா நிறுத்திடு" என்று மட்டும் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

எங்கள் களிம்பை நிறுத்தினாள். கூட வேலை செய்கிறவள் சொன்னாள் என்று வேறொரு கடையில் சீட்டே இல்லாமல் ஸ்டீராய்டு கலந்த டியூப் ஒன்றை வாங்கினாள். பத்தே நாளில் முகம் பளிங்கு. நிச்சயதார்த்தப் படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். நானும் அழகாயிருக்கே என்றுதான் சொன்னேன், எதனால் என்று கேட்கவில்லை. கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது முக்காடு மாதிரி முந்தானையைப் போட்டுக்கொண்டு வந்தாள். மாதக்கணக்கில் போட்டுவந்த அந்த டியூபை நிறுத்தியதும் முகம் முழுக்கத் தக்காளித் தோலாகச் சிவந்து, மெலிந்து, முன்பு பரு இல்லாத இடத்திலெல்லாம் பரு. மேலுதட்டில் முடி. வெயில் பட்டால் எரிச்சல், தண்ணீர் பட்டாலும் எரிச்சல். டாக்டரம்மாவிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். குணமாக ஒரு வருடம்கூட ஆகலாம் என்றார். மாப்பிள்ளை வீட்டார் ஒரு வருடம் காத்திருக்கவில்லை, ஏதோ தொற்று என்று சொல்லி விலகிவிட்டார்கள்.

திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஒருநாள் ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, சாதாரணமாகத்தான் கேட்டாள். "அன்னிக்கு ரெண்டு நிமிசம் எங்கூட பேசியிருந்தா இன்னாக்கா ஆயிருக்கும் ஒனக்கு?"

பிரியாணி மாஸ்டர்

பூந்தமல்லி காதர் பாய் கல்யாணங்களுக்கு பிரியாணி போடுகிறவர். நல்ல நிறம். ஐம்பது வயதில் மூக்கும் கன்னமும் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளத்தோடு, பார்க்கிறவர்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தோன்றுகிற முகம் ஆகிவிட்டது. மனிதர் வெற்றிலைகூடப் போடாதவர். ஆனால் பள்ளிவாசலில் பக்கத்தில் நிற்கிறவர் மூச்சை மோந்து பார்க்கிறார், கல்யாண வீட்டார் ஆள் விட்டு விசாரிக்கிறார்கள். இரண்டு இடத்தில் பேசிவிட்ட வேலை கை மாறிப் போனது. மூத்த மகள் மாமியார் வீட்டில் இதற்காகக் குத்தல் பேச்சு கேட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா அவருக்கும் இந்தக் களிம்பைத்தான் எழுதினார். அடுப்பு அனலுக்குக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றும் சொன்னார். பாய் சிரித்தார். அண்டாவுக்குத் தள்ளி நின்று தம் போட முடியுமா? ஆனாலும் நான் பார்த்தவர்களில் ஒழுங்காகப் போட்டவர் அவர்தான். தொழுகைக்கு முன்னால் முகம் கழுவுகிற மாதிரி அதற்கும் நேரம் வைத்திருந்தார். நாலாவது மாதம் வந்து கவுன்டர் கண்ணாடியில் குனிந்து முகத்தைப் பார்த்துக்கொண்டார். சிவப்பு முக்கால்வாசி போயிருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். இனி வேலை வருமே பாய் என்றேன். வரவில்லையாம். குடியை விட்டுவிட்டார் போலிருக்கிறது, அதான் முகம் தெளிந்திருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்களாம். டியூபைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "குடிக்காதவன் எப்படிம்மா குடிய வுட முடியும்? அத்த யார்கிட்ட போய் சொல்றது?"

ஒரு பக்கம் மட்டும்

மத்தியானம் கடை காலியாக இருந்தபோது ஒரு பெண் வந்தாள். பாரிவாக்கத்திலிருந்து வருவதாகச் சொன்னாள், இருபத்தைந்து வயது இருக்கும். "கறுப்பு போறதுக்கு ஒரு களிம்பு குடுக்கறீங்களாமே" என்றாள். பரு விட்ட கறுப்பு எனக்கு அத்துப்படி. அது இரண்டு கன்னத்திலும் புள்ளி புள்ளியாக இருக்கும். இவளுக்கு இடது கண்ணுக்குக் கீழே மட்டும், ஓரத்தில் மஞ்சளும் நடுவில் நீலமுமாக.

இது அந்தக் கறுப்பு இல்லை, களிம்பு இதற்குக் கேட்காது, இரண்டு வாரத்தில் தானே போய்விடும் என்றேன். மாடியில் டாக்டரம்மா சாயங்காலம் வருவார், அவரிடம் பேசு, அவரும் பெண்தான் என்றும் சொன்னேன். சாயங்காலம் வீட்டை விட்டு வர முடியாது என்றாள். நான் அவள் பெயரைக் கேட்டேன். அவள் புறப்பட்டாள். படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பி வந்து கண்ணாடிக்குள் இருந்த டியூபைக் காட்டினாள். "தானா போனாலும் இன்னொண்ணு வரும்கா. ஊட்ல ஒண்ணு இருக்கட்டுமேன்னுதான் கேட்டேன்."

எங்கள் வீட்டில்

நான் மூன்று மாதம் போட்டேன். பிறகு இன்னும் மூன்று மாதம். கறுப்பெல்லாம் மங்கி, தாடையில் கிள்ளிய தழும்பு மட்டும் மிஞ்சியது. இருபத்தொன்பது வயதில் முதல் தடவையாக, ரயில் ஜன்னலில் தெரிகிற என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பட்டாபிராம் வரை வந்தேன்.

அதுவரை வந்த நாலு வரன்களும் முகத்தைச் சொல்லித்தான் போனார்கள். அம்மா அதை நம்பி, என் பருவை ஒரு ஆளைத் திட்டுவதுபோலத் திட்டிக்கொண்டிருந்தாள். ஐந்தாவதாக வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டார்கள், முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, மாப்பிள்ளையின் அக்கா பொண்ணு லட்சணம் என்றே சொன்னாள். ஒரு வாரம் கழித்து, கவுன்டரில் நின்று நாலு ஆம்பளைகளோடு பேசுகிற பெண் தங்கள் குடும்பத்துக்குச் சரிப்படாது என்று சொல்லியனுப்பினார்கள். வேலையை விடுகிறாளா என்றுகூடக் கேட்கவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, எதையோ தேடுகிற மாதிரி பார்த்தாள். "மூஞ்சி நல்லாயிருந்தும் வேணாம்னுட்டாங்களே. இனிமே நான் எதைச் சொல்லி மனச தேத்திக்கறது?"

ஆறு வருடத்தில் நான் விற்ற சரக்கிலேயே, சொன்ன நாளில் சொன்னதைச் செய்தது அந்தக் களிம்பு ஒன்றுதான். முகத்தைத் தாண்டிய மற்றதற்கெல்லாம் டியூபின் மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை.