திறப்பு விழாவுக்கு முன் நான் வைத்த பொட்டு

என் தம்பி எதையும் விளக்கிச் சொல்கிறவன் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் வாட்ஸப்பில் ஒரே வரி வந்தது. "நாளைக்குக் காலைல வாங்க, ஸ்டாஃப் வீட்டு ஆளுகளுக்கு எல்லாம் ஃப்ரீ." ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் புதிதாகக் கட்டியிருந்த தீம் பார்க்கைத்தான் சொல்கிறான். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. அதற்கு முன்னால் வேலை பார்க்கிறவர்களின் குடும்பங்களை ஏற்றி ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. "நம்மள வச்சு டெஸ்ட் பண்ணப் போறாங்க" என்றார் என் வீட்டுக்காரர். பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர், எதிலும் ஒரு சந்தேகம் உண்டு. சந்தேகப்பட்டுக்கொண்டே காலை ஆறு மணிக்குக் குளித்துச் சட்டை மாட்டித் தயாராகிவிட்டார்.

அந்த வேலை தம்பிக்கு எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். ஐ.டி.ஐ. முடித்த எலக்ட்ரீஷியன் அவன். திருப்பூரில் மூன்று வருஷம், அப்புறம் துபாயில் ஆறு வருஷம். மகள் பிறந்தபோது அவன் ஊரில் இல்லை. அவளுக்கு விவரம் தெரிந்த நாள் முதலாக அப்பா என்றால் போனுக்குள் இருந்து சிரிக்கிற ஆள். ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது ஒரு வாரம் அவனிடம் போகாமல் கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். பார்க்கில் ராட்டினங்களைப் பராமரிக்கிற டெக்னீஷியன் வேலை கிடைத்த பிறகுதான் இருவரும் ஒட்டினார்கள். இப்போது அவளுக்கு எட்டு வயது. தினமும் பைக்கில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறான், வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே போகிறார்கள். உள்ளூரில் அவன் படிப்புக்கு அந்தச் சம்பளம் வேறு யாரும் தரமாட்டார்கள். இந்த வேலை போனால் மறுபடி விமானம்தான் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

நான் நூல் மில்லில் சூப்பர்வைசர். இருபத்தாறு வருஷமாக ஆயுத பூஜைக்கு எங்கள் பிரிவு மெஷின்களுக்குப் பொட்டு வைப்பது என் பொறுப்பு. மெஷினுக்கு மட்டும் வைத்தால் போதாது. மோட்டார், சுவிட்ச் போர்டு, தீயணைக்கிற சிவப்பு உருளை, கேன்டீன் கிரைண்டர், நூல் எடைபோடும் தராசு, ஒன்றையும் விடக் கூடாது. விட்டுப்போனது கோவித்துக்கொண்டு அந்த வருஷம் முழுக்க மக்கர் பண்ணும் என்று பேசிக்கொள்வோம். அதில் பாதி விளையாட்டு, பாதி நிஜம். நான் பொட்டு வைத்தால் ஒன்றும் விடுபடாது என்று மில்லில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்றைக்கும் ஒரு சின்ன டிபன் டப்பாவில் குழைத்த சந்தனமும் குங்குமமும் எடுத்துப் போனேன். தம்பி மனைவிக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி. அதனால் அவன் மகளையும் நாங்களே கூட்டிப்போனோம்.

உள்ளே போனதும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஒன்றரை வருஷமாக பஸ்ஸிலிருந்து தகர வேலியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். வேலிக்குப் பின்னால் இப்படி ஒரு ஊரையே கட்டி வைத்திருப்பார்கள் என்று யார் நினைத்தார்கள்? நடுவில் நீல நிறத்தில் ஒரு இரும்புத் தூண், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். தூணைச் சுற்றி வளையமாக இருக்கைகள். ஆட்களை உட்கார வைத்து உச்சிக்குக் கொண்டுபோய் அங்கிருந்து தடாலென்று இறக்குமாம். அதைப் பூட்டி நிறுத்தியதில் ஆரம்பத்திலிருந்து தம்பியும் கூட இருந்தான். ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் அதன் பட்டனை முதலில் அமுக்கப் போகிறவனும் அவன்தான். அதைத் தம்பி மகள் வரும் வழியிலேயே எங்களிடம் மூன்று தடவை சொல்லிவிட்டாள்.

எல்லாம் சரி, ஆனால் ஒரு ராட்டினத்திலும் பொட்டு இல்லை. எனக்கு நிஜமாகவே திக்கென்றது.

"ஏலே, இம்புட்டு பெரிய மெஷினுக்கு ஒரு பொட்டுகூட வைக்கலையா?"

"வாசல்ல பூஜ போட்டாச்சுக்கா."

"வாசல்லயா ஆளுகள ஏத்திச் சுத்தப் போறீக?"

தூணைச் சுற்றி இடுப்பளவு கம்பி வேலி, நுழைகிற இடத்தில் ஒரு சங்கிலி, சங்கிலியில் பணியாளர் தவிர யாரும் உள்ளே வரக் கூடாது என்று பலகை. நான் பலகையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தேன். அக்கா அப்படிப் பார்த்தால் அவனால் சின்ன வயசிலிருந்தே தாங்க முடியாது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுச் சங்கிலியைக் கழற்றினான்.

"செத்த நேரந்தான். வச்சுட்டு ஒடனே வெளிய வந்துரு."

அதற்குள் யாரோ கூப்பிட அவன் போய்விட்டான். நான் என் வேலையை ஆரம்பித்தேன். தூணின் அடியில் நாலு பக்கமும், இருக்கை ஒவ்வொன்றின் முதுகிலும், கண்ட்ரோல் பெட்டியில், ஏறுகிற படியில். தூணுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு குட்டைக் கம்பம் இருந்தது. அதன் தலையில் வட்டமாக ஒரு கண்ணாடி, ஒரு ரூபாய்க் காசு அகலம். பொட்டு வைப்பதற்கென்றே செய்துவைத்த மாதிரி இருந்தது. அதற்குத்தான் இருப்பதிலேயே பெரிய பொட்டாக, சந்தனத்தை நன்றாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். வெளியே வந்து சங்கிலியை நானே மாட்டினேன்.

பத்து மணிக்கு மேனேஜர் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். அவர் கையிலும் ஒரு பையில் எலுமிச்சம்பழம் இருந்ததைப் பார்த்து எனக்கு அவரைப் பிடித்துப்போனது. கண்ட்ரோல் பெட்டியில் இருந்த பொட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பொட்டெல்லாம் நீங்க வெச்சதுங்களா?" என்று தம்பியைக் கேட்டார்.

"ஆமா சார்" என்றான் தம்பி.

இருபது இடத்துக்குக் குனிந்து நிமிர்ந்து இடுப்பு விட்டுப்போனது எனக்கு, பெயர் வாங்குகிறது இவனா என்று லேசாக எரிச்சல் வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன்.

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரைக்கு ராகு காலம். "அதுக்குள்ள ஆளை ஏத்தி ஒரு ரவுண்டு ஓட்டிரலாமுங்க."

"ஒருக்க காலியா ஓட்டிப் பாத்துருவோம் சார்" என்றான் தம்பி.

"காலைல ஓட்டியாச்சுல்லங்க. நேரம் போயிரும்."

முதலில் ஓடிப்போய் உட்கார்ந்தது தம்பி மகள். அவள் தனியாகப் போகக் கூடாது என்று என் வீட்டுக்காரரும் பக்கத்தில் ஏறினார். காவலாளி வீட்டிலிருந்து இன்னும் மூன்று பேர். தம்பி ஒவ்வொருவருடைய பூட்டையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். மகளின் கன்னத்தைத் தட்டிவிட்டு வந்து பட்டனை அமுக்கினான். வளையம் மெதுவாக ஏறியது. அவள் எனக்குக் கையாட்டினாள். கொஞ்ச நேரத்தில் அவள் கை எது, கால் எது என்று தெரியாத உயரத்துக்குப் போய்விட்டாள்.

உச்சிக்குப் போய் நின்றது. இனி இறங்கும், இனி இறங்கும் என்று நான் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். இறங்கவில்லை. தம்பி பட்டனை மறுபடி அமுக்கினான். கண்ட்ரோல் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தச் சொல்லி மேனேஜர் கை காட்டினார். பாட்டு நின்றதும், மேலிருந்து பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு பயத்தை நான் பட்டதில்லை. தம்பி கண்ட்ரோல் பெட்டியைத் திறந்து ஒயர்களுக்குள் தலையை விட்டான். ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சென்னையில் இருக்கிற இன்ஜினியரிடம் பேசினான். குரல் மட்டும் நிதானமாக இருந்தது. முதுகுப் பக்கம் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. ஒரு செருப்பு மேலிருந்து விழுந்து என் காலடியில் கிடந்தது. ரோஸ் நிறத்தில், பூப்போட்ட செருப்பு. அதை எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டேன். மேலே என் வீட்டுக்காரர் சத்தமாகப் பேசுவது கேட்டது. "கீழ பாக்காத. அந்தா கோபுரம் தெரியுதா? இந்தப் பக்கம் பாரு, அய்யனார் கோவில் மல, மேகம் எறங்குது பாரு." பட்டாளத்துக் குரல். அந்தக் குரலிலும் ஒரு நடுக்கம் இருந்தது எனக்குத்தான் தெரியும்.

இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். போனில் எதையோ கேட்ட தம்பி சட்டென்று நிமிர்ந்தான். வேலிக்குள் ஓடி அந்தக் குட்டைக் கம்பத்தின் முன்னால் மண்டியிட்டான். ஒரு கணம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டை நுனியால் கண்ணாடியை அழுத்தித் துடைத்தான். சட்டையில் சிவப்பும் மஞ்சளுமாக அப்பியது. திரும்பிப்போய்ப் பட்டனைத் தொட்டதும் வளையம் மெதுவாக, ஒரு சத்தமும் இல்லாமல், இறங்கி வந்தது.

அது வெறும் கண்ணாடி இல்லை, சென்சார். மேலே போகும்போது அதற்கு வேலை இல்லை. இறங்கும்போது மட்டும் கீழே யாராவது நிற்கிறார்களா என்று பார்க்குமாம். என் பொட்டு அதை மறைத்துவிட்டது. ஆள் நிற்கிறது என்று நினைத்து அது இறக்கவே இல்லை. இதைத் தம்பி மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. பூட்டை அவிழ்த்ததும் பிள்ளை ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கையிலிருந்த செருப்பை அவள் காலில் மாட்டிவிட்டேன். அவளை அங்கே தொங்கவிட்டது நான்தான், இந்த விரல்தான்.

மேனேஜர் முகம் கறுத்துப்போயிருந்தது. "சென்சார் மேல போய் பொட்டு வெப்பாங்களா? டெக்னீஷியன்தானுங்க நீங்க?"

"கவனிக்காம வச்சுட்டேன் சார். என் தப்புதான்" என்றான் தம்பி.

"நானும் அவசரப்படுத்திட்டேன். ஆனா இதுக்கு உங்களுக்கு ஒரு மெமோ உண்டுங்க."

தம்பி தலையைக் குனிந்து நின்றான். எனக்குப் பொறுக்கவில்லை. என் தப்புக்கு அவன் பேச்சு வாங்குவதா? நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். தம்பி நிமிர்ந்து என்னைப் பார்த்து, யாருக்கும் தெரியாதபடி, லேசாகத் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று. எனக்காகப் பழி சுமக்கிறான் தம்பி என்று என் நெஞ்சு பொங்கியது.

"சார், அவன் வைக்கல. நான்தான் வச்சேன். அவன் மேல எந்தத் தப்பும் இல்ல" என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன். சொல்லி முடித்தபோது எனக்கு என்னைப் பற்றிப் பெருமையாகக்கூட இருந்தது.

மேனேஜர் என்னைப் பார்த்தார். பிறகு சங்கிலியைப் பார்த்தார். "நீங்க எப்படிங்கம்மா உள்ள போனீங்க?"

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தம்பியைப் பார்த்தார்கள். தெரியாமல் பொட்டு வைத்தவனுக்கு மெமோ. வெளியாளை மெஷினுக்குப் பக்கத்தில் விட்டவனுக்கு, அதையும் மறைத்துப் பொய் சொன்னவனுக்கு, அந்தக் கணக்கே வேறு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மில்லில் நானே எத்தனை பேரை அதற்காக வெளியே அனுப்பியிருக்கிறேன்.

மேனேஜர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நான் காலில் விழுந்தாவது கெஞ்சியிருப்பேன். "அஞ்சு உசுருங்க" என்றார். "இது தெரிஞ்ச பொறவு உங்கள வெச்சுட்டு நான் ஞாயித்துக்கிழமை கேட்டைத் திறக்க முடியாதுங்க." கையை நீட்டினார். தம்பி கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தான். அதை ஏதோ பேனா இரவல் கொடுப்பதுபோல் கொடுத்தான்.

பைக் நிறுத்துகிற இடத்துக்கு நடந்தோம். என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் போய்விட்டார், என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல். பிள்ளைக்கு மட்டும் அழுகை போய் உற்சாகம் திரும்பியிருந்தது.

"எப்பா, ஞாயித்துக்கிழம நீதான பட்டன அமுக்குவ?"

"பாப்போம்" என்று சொல்லி அவளைப் பெட்ரோல் டேங்கின் மேல் தூக்கி உட்கார வைத்தான்.

"ஏலே, ஒனக்குக் கெட்ட பேரு வரக் கூடாதுன்னுதான்லே சொன்னேன்" என்றேன்.

அவன் சாவியைத் திருகினான். என் பக்கம் திரும்பவில்லை. "நான் தலைய ஆட்டுனேனே, நீ பாக்கலையாக்கா?"

"பாக்கலலே" என்றேன்.

அவன் அதை நம்பினான். "சரி, விடு. ஒனக்கு எப்படித் தெரியும்" என்று எனக்கே ஆறுதல் சொன்னான். இரண்டு மாதம் கழித்து மதுரை விமான நிலையத்தில் பிள்ளை அவன் பெட்டியின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றபோதுகூட, நான் பார்த்தேன் என்று அவனிடம் சொல்லவில்லை.