ரேடார் செய்தவர்களின் பெயர்

எழுபதுகளில் நான் பெரம்பலூர் நூலகத்தில் வேலை பார்த்தபோது, முறுக்கிய வெள்ளை மீசையோடு ஒருவர் வருவார். பர்மாச் சண்டைக்குப் போய்வந்தவர். தெருவில் லாரி உறுமினாலும் ஜன்னல் வழியாக வானத்தைத்தான் பார்ப்பார்.

“குண்டு போட பிளேன் வருதுன்னு ரேடார்தாங்க முன்னாடியே சொல்லுச்சு. பதுங்கிப் பொழச்சோம். அதைச் செஞ்ச இன்ஜினியருங்க யாருன்னு தேடிக் குடுங்க சார்” என்று கேட்டிருந்தார்.

பல மாதம் தேடினேன். திருச்சியிலிருந்து வரவழைத்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தில் இரண்டு பெயர்கள் அகப்பட்டன! அவர் தலை தெரிந்ததும், நூலகம் என்பதையே மறந்து, “கிடைச்சிடுச்சுங்க!” என்று கத்திவிட்டேன்.

பெயர்களை நாலைந்து முறை சொல்லிப் பழகினார். முகமெல்லாம் சிரிப்பு.

“நாளைக்கே வாலிகண்டபுரம் கோயில்ல ரெண்டு பேருக்கும் அர்ச்சனை பண்ணிடறேன். நட்சத்திரம் போட்டிருக்கா பாருங்க சார்.”

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. கடைசிப் பக்கம் வரை இருவரும் தேடினோம்.