கத்திரிக்காய் கலரில் ஒரு கத்தி

கத்திக்குச் சாயம் போடுவதுதான் என் தொழில் என்று சொன்னால் யாரும் முதலில் நம்புவதில்லை. நம்புகிறவர்கள் ஓரடி பின்னால் நகர்ந்துகொள்கிறார்கள்.

கல்யாணத்துக்கு முன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் சாய லேபில் இருந்தேன். வீட்டுக்காரருக்கு மத்திய அரசு வேலை. மாற்றலாகி ஹைதராபாத் வந்து, ஹப்சிகுடாவில் குடியிருக்கிறோம். மலையேறப் போகிற எதிர்வீட்டுப் பெண்ணின் மடக்குக் கத்திக்கு ஒருநாள் விளையாட்டாகக் கலர் மாற்றிக் கொடுத்தேன். அதோடு மாட்டிக்கொண்டேன். வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஸ்க்ரூவைக் கழற்றி நைலான் பிடியைத் தனியே எடுத்து, சாயமும் வினிகரும் கலந்த தண்ணீரில் கொதிக்காத சூட்டில் போட்டு வைத்தால் கலர் ஏறிவிடும். கஷ்டமெல்லாம் கத்தியின் சொந்தக்காரர்களிடம்தான். தையல் கடையோ, போட்டோ ஸ்டுடியோவோ வைத்திருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கறுப்புக்கு என்ன குறை?

அமீர்பேட்டில் ஹாஸ்டலில் தங்கி சாஃப்ட்வேர் கோர்ஸ் படிக்கும் மதுரைப் பையன் ஒருவன் வந்தான். கையில் கன்னங்கரேலென்று ஒரு கத்தி. பிடியை எலுமிச்சை மஞ்சளாக்க வேண்டுமாம்.

"தம்பி, இது பெயின்ட் இல்லை, சாயம். வெள்ளையை எந்தக் கலராகவும் மாற்றலாம். கறுப்பை ஒன்றும் செய்ய முடியாது" என்றேன். பால் ஊற்றினால் காபி வெளுக்கிறதே என்றான். பிளீச்சிங் பவுடர் என்றான். போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். அதிலும் வெள்ளைப் பிடிதான். விளக்கி விளக்கி எனக்குத் தொண்டை வறண்டுபோனது. கடைசியில் புரிந்த மாதிரி தலையாட்டினான். இவ்வளவு தூரம் மெட்ரோவில் வந்துவிட்டு வெறுங்கையோடு போக மனமில்லை போலும்.

"சரிக்கா, அப்ப இதையே இன்னும் கொஞ்சம் கறுப்பாக்கிக் குடுங்க."

சாம்பிள்

தார்நாகாவிலிருந்து ஒரு விஞ்ஞானி வந்தார். அவர் கத்தியின் வெள்ளைப் பிடிக்கு ஊதா வேண்டுமாம். எந்த ஊதா வேண்டும் என்று கேட்டு, நூல்கண்டு, புடவைத் துண்டு, நெயில் பாலிஷ் எல்லாம் எடுத்துக் காட்டினேன். எதுவும் அவருக்குச் சரிப்படவில்லை. மறுநாள் ஒரு பையோடு வந்து, பூவைத் தொடுவதுபோல ஒரு கத்திரிக்காயை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதே கலர். காம்புக்குக் கீழே இருக்கு பாருங்க, அந்த இடம்" என்றார்.

சிவப்பையும் நீலத்தையும் துளித்துளியாகக் கூட்டி, ஒரு பகல் முழுக்கப் போராடி அந்தக் கலரைக் கொண்டுவந்துவிட்டேன். என் சர்வீஸிலேயே அப்படி ஒரு ஊதா வந்ததில்லை. ஆனால் அவர் வாங்க வந்த அன்று, ஒத்துப் பார்க்கக் கத்திரிக்காய் எங்கே என்று கேட்டார். மேசையில் கிடந்ததை என் வீட்டுக்காரர் காலையிலேயே சாம்பாரில் போட்டுவிட்டார் என்று சொல்ல வேண்டியதாயிற்று. விஞ்ஞானி கத்தியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப கலர் சரியா இருக்கான்னு உங்க வீட்டுக்காரரைத்தான் கேக்கணும். கடைசியாப் பார்த்தவர் அவர்தானே?"

சிவப்புத் தண்ணீர்

ஒரு மலையேற்றக் குழுவுக்காக மொத்தமாகச் சிவப்புப் போட்டேன். மிச்சத் தண்ணீரைப் பால்கனி வடிகால் குழாயில் ஊற்றினேன். அது நேராகக் கீழே பார்க்கிங்கில் போய், அசோசியேஷன் தலைவரின் வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் தேங்கி நின்றிருக்கிறது. வாட்ச்மேனுக்கு எங்கள் வீட்டுக்குக் கத்திப் பார்சல் வருவது தெரியும். இரண்டையும் சேர்த்து அவர் தலைவரிடம் சொல்ல, தலைவர் போலீசைக் கூப்பிட்டுவிட்டார்.

கதவைத் திறந்தால் இரண்டு கான்ஸ்டபிள்கள். என் கை முழங்கை வரை சிவப்பு. அப்போதுதான் ஆபீசிலிருந்து வந்த வீட்டுக்காரர், அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றுவிட்டார். மனுஷர் வேலை போய்விடுமோ என்று பயப்படுவது எனக்கே தெரிந்தது. எனக்கும் தெரிந்த தெலுங்கு, ஹிந்தி எதுவும் வாயில் வரவில்லை. பேசாமல் அவர்களைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், ஒரு வெள்ளைப் பிடியைச் சட்டியில் போட்டேன். டீ போட்டுக் கொடுத்தேன். அவர்கள் குடித்து முடிப்பதற்குள் பிடி செக்கச்செவேலென்று வந்தது. சின்னவர் சிரித்துவிட்டார். சித்தூர்ப் பக்கம் பெண் எடுத்ததால் தமிழ் பேசத் தெரிந்த பெரியவர் மட்டும் முகத்தை இறுக்கமாகவே வைத்துக்கொண்டு, சட்டைப் பையில் கையை விட்டார். வெளியே வந்தது ஒரு வெள்ளை பிளாஸ்டிக் விசில்.

"இதுக்குப் பச்சை போட முடியுமாம்மா? ஸ்டேஷன்ல எல்லாப் பயலும் என்னுதையே எடுத்து ஊதறானுங்க."

ஆரஞ்சு

சென்ற மாதம் ஒரு பெண் தன் அப்பாவை அழைத்து வந்தாள். ரிட்டயர் ஆனவர். பார்வை மங்கிவிட்டது. வெள்ளைத் தட்டில் வெள்ளைப் பிடிக் கத்தி தெரியாமல், கொய்யா நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டாராம். "இனிமே கத்தியே வேண்டாம்ப்பா, நானே நறுக்கித் தர்றேன்" என்று மகள் பிடுங்கி வைத்துவிட்டாள். அவர் கொய்யா சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். அப்புறம் மகளே மனம் கேட்காமல் என்னிடம் கொண்டுவந்தாள்.

இருப்பதிலேயே கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சைப் போட்டேன். தட்டில் வைத்து அவர் முன்னால் நீட்டினேன். தடவாமல், தயங்காமல், நேராகக் கையை வைத்து எடுத்தார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"இனிமே இவ எங்க ஒளிச்சு வெச்சாலும் எனக்குத் தெரிஞ்சுடும்."

கத்தியோடு வருகிறவர்களைக் கண்டு எனக்கு ஒருநாளும் பயம் வந்ததில்லை, மனதில் ஒரு கலரோடு வருகிறவர்களைக் கண்டால்தான் ஓரடி பின்னால் நகர்ந்துகொள்கிறேன்.