முதல் அளவு எடுக்காத பீர்

"மூச்சு விடாத தம்பி, அலை அடிக்குது!"

போன வருடம் ஒருநாள், டெஸ்மண்ட் அவுத்வெய்ட் தன் கொட்டகைத் தரையில் மண்டியிட்டு, ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு நெட்டைக் கண்ணாடி ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜாடி நிறைய அவரே காய்ச்சிய பீர். அதில் மிதக்கும் ஹைட்ராமீட்டர், பால்காரரின் தண்ணீர்க் கலப்பைக் காட்டிக்கொடுக்குமே, அந்தக் குழாயின் அண்ணன். பீரின் மட்டம் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்து, காதில் செருகிய பென்சிலை எடுத்துச் சுவரில் கழித்தல் கணக்குப் போட்டார். எட்டடி தள்ளி நிற்கும் பக்கத்து வீட்டுக்காரன் மூச்சில் பீரில் அலை எழும் என்று நம்புகிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கணக்கு எளிதுதான். புளிக்க வைக்கும் ஈஸ்ட் போடுவதற்கு முன், பீராகப் போகும் பார்லிக் கஞ்சியில் சர்க்கரை அதிகம். குழாய் உயரமாக மிதக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாக்கியபின் குழாய் கீழே இறங்கும். எவ்வளவு இறங்கியது என்பதை வைத்துச் சாராயம் எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடலாம். டெஸ்மண்ட் இதை இன்னும் தெளிவாகச் சொல்வார்: "கல்யாணத்துக்கு முன்ன ஒரு போட்டோ, பின்ன ஒரு போட்டோ. ரெண்டும் இருந்தாத்தான் ஆளு எவ்வளவு கெட்டான்னு தெரியும்."

பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். "பீர் எப்படி வந்திருக்கு?" என்று கேட்டால், "நாலு புள்ளி மூணு" என்பார். ருசியைத்தான் கேட்கிறோம் என்பது அவருக்குப் புரியாது. உள்ளதைச் சொல்கிறேனே, ருசி கண்ணராவி. ஈரச் சாக்கைப் பிழிந்த மாதிரி இருக்கும். மனைவி நொரீன் ஒரு மிடறு குடித்துவிட்டு, மீதியை அவர் முன்னாலேயே செடிக்கு ஊற்றுவார். "பாவம், அது வாயில்லாத ஜீவன், எதுத்துப் பேசாது."

எங்கள் யார்க்‌ஷையர் கிராமத்தில் கோடை முடிவில் விளைபொருள் கண்காட்சி நடக்கும். பெரிய வெங்காயம், நீளமான லீக் வெங்காயத்தாள், வீட்டுப் பீர், எல்லாவற்றுக்கும் பரிசு உண்டு. டெஸ்மண்டின் பீர் ஒருமுறைகூட மூன்றாவது பரிசைத் தாண்டியதில்லை. போன வருடம் எதிர்வீட்டுப் பாரி சக்டனின் பீரை மூன்று கோப்பை ருசி பார்த்த நடுவர், மறுநாள் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தபோது சாவுப் பாட்டைக் கல்யாணப் பாட்டாக்கிவிட்டார். டெஸ்மண்ட் விட்டாரா? குழுக்கூட்டத்தில் எழுந்து நின்று புது விதி கொண்டுவந்தார்: புட்டியில் சாராய அளவு எழுதாதவர்களுக்குப் போட்டியில் இடமில்லை. கணக்கே தெரியாத பாரி முகம் சிவந்து வெளியேறினார். இந்த வருடம் ஹைட்ராமீட்டர் வாங்கிக் கணக்கும் கற்றுக்கொண்டு பல்லைக் கடித்துக் காத்திருந்தார்.

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இந்த வருடப் பீரைக் காய்ச்சிய அன்று ரேடியோவில் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. யார்க்‌ஷையர் விக்கெட்டுகள் மளமளவென்று சரிய, டெஸ்மண்ட் ரேடியோவைத் திட்டிக்கொண்டே ஈஸ்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டார். முதல் அளவு எடுக்கவில்லை! அந்தப் பதற்றம் தீராமலே, சில நாள் கழித்து, புளித்து முடியுமுன் புட்டிகளில் அடைத்தும் விட்டார். ஒரு மத்தியானம் உள்ளே வாயு பெருகி, கொட்டகையில் புட்டிகள் ஒவ்வொன்றாக வெடித்தன. என் பூனை இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. பிழைத்தவை நாலே புட்டிகள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் அவர்கள் சமையலறைக்குப் போனேன். டெஸ்மண்டின் முகத்தில் ஈயாடவில்லை. "போட்டிக்கு ரெண்டு புட்டி குடுக்கணும். ஒண்ணைத் தொறந்து கெட்டுப்போச்சான்னு பாக்கணும். கடைசிப் புட்டியக் காய்ச்சணும்."

"பீரையா? மறுபடியுமா?"

"பாதி வத்துற வரைக்கும். சாராயமெல்லாம் ஆவியாப் போயிரும். கொறைஞ்ச அளவுக்குத் தண்ணி ஊத்தி மறுபடி குழாயப் போட்டா, முன்ன இருந்ததவிட எவ்வளவு மேல வருதோ அதுதான் கணக்கு. முழுப் புட்டி இல்லேன்னா ஜாடியில குழாய் தரை தட்டிரும். நம்பர் இல்லாமப் போய் நின்னா பாரி ஊரக் கூட்டிச் சிரிப்பான், தம்பி."

எத்தனை சதவீதம் என்று தெரிந்துகொள்ள அத்தனை சாராயத்தையும் காற்றில் விடுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் காதுப் பென்சிலை எடுப்பதும் மறுபடி செருகுவதுமாக இருந்ததைப் பார்த்ததும் பாவமாகவும் இருந்தது.

நொரீன் முதல் புட்டியைத் திறந்து ஒரு கோப்பையில் ஊற்றினார். வழக்கம்போல ஒரு மிடறு. அப்புறம் செடி இருக்கும் ஜன்னல் பக்கம் ஒரு பார்வை. ஆனால் நொரீன் எழவில்லை. இன்னொரு மிடறு குடித்தார். புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு மறுபடி குடித்தார். கோப்பை காலியாயிற்று. மிச்சத்தையும் தானே ஊற்றிக் குடித்தார்.

"கெட்டுப்போச்சா?" என்றார் டெஸ்மண்ட்.

"யோவ், நல்லாருக்குய்யா!"

"நல்லாருக்குன்னா? எத்தனை இருக்கும்?"

"எத்தனையா இருந்தா எனக்கென்ன? நாப்பது வருசமா எனக்கு நீ குடுத்ததெல்லாம் என்னமோ கண்றாவி. இது பீரு." நொரீன் காலிக் கோப்பையை நீட்டினார். "இன்னொண்ணு இருக்கா, கண்ணு?"

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பாத்திரம் காய்ந்துகொண்டிருந்தது. கடைசிப் புட்டி டெஸ்மண்டின் கையில், மூடி திறந்தபடி. அவர் பாத்திரத்தைப் பார்த்தார். நீட்டிய கோப்பையைப் பார்த்தார். சாலைக்கு அப்பால் பாரியின் வீடு இருக்கும் திசையில் ஒருமுறை பார்த்தார்.

பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, நொரீனின் கோப்பையை வாங்கிச் சாய்த்துப் பிடித்து, நுரை பொங்காமல் மெதுவாக, விளிம்பு வரை ஊற்றினார்.