மூங்கில் பேனாவும் வள்ளியின் இடக்கையும்

நாளை சிதம்பரத்தில் என் மாமாவின் ரேடியோ கடை திறப்பு. வாசலில் வைக்க, 'டிரான்சிஸ்டர் ரேடியோ இங்கே கிடைக்கும்' என்று பெரிய அட்டையில் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன்.

பட்டை எழுத்துக்கு மூங்கில் பேனாதான் சரி. பரங்கிப்பேட்டை நண்பன் காதர் இன்று மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கே வந்து, மூங்கிலைச் சீவி, முனையைச் சாய்வாக நறுக்கி, நடுவில் கீறிக் கொடுத்தான்.

எழுதினேன். பேனா தாளைப் பிறாண்டியது, மை தெறித்தது. நல்லவேளை, அட்டையில் ஆரம்பிக்கவில்லை.

காதர் முனையைப் பார்த்துத் தலையில் கை வைத்தான்.

"கைப்பழக்கத்துல அரபு எழுத்துக்கு வெட்டுற மாதிரியே வெட்டிட்டேன் மச்சான். நாங்க வலது பக்கத்துலேருந்துல்ல எழுதுறோம். உனக்குச் சாய்வு நேர்மாறா இருக்கணும். குடு, மாத்தி வெட்டுறேன்."

அவன் கத்தியை எடுப்பதற்குள், என் மனைவி வள்ளி பேனாவை வாங்கி இடக்கையால் ஓர் எழுத்து போட்டுப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு போனது.

அவள் இடக்கைக்காரி. கல்யாணமானதிலிருந்து என் அம்மாவுக்கு அது ஒரு குறை.

"புதுக் கடைக்குப் பீச்சாங்கையாலயா எழுதுவாங்க?" என்றாள் அம்மா.

வள்ளி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அம்மா அந்த ஒற்றை எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மைக்கூட்டை எடுத்து வள்ளியின் இடப்பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"மை காயறதுக்குள்ள எழுதி முடி."

அட்டை அழகாக வந்திருக்கிறது. யார் எழுதியது என்று மாமா கேட்டால் சொல்லிவிடுவேன். எந்தக் கையால் என்று கேட்டால் அம்மாவிடம் அனுப்பிவிடலாமா? நீங்களே சொல்லுங்கள்.